காசு கொடுத்து வாங்கின கேம் நிஜமாவே உங்களோடதா? வைஸ் சிட்டி தலைமுறை தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு



சொந்தமா, வாடகையா? இந்தக் கேள்வியை வீடு, கார் விஷயத்துல நம்ம சேனல்ல நிறைய தடவை அலசியிருக்கோம். இன்னைக்கு அதே கேள்வியை யாரும் யோசிக்காத ஒரு பொருள் மேல வச்சுப் பார்க்கப் போறோம். அதுதான் பழைய கம்ப்யூட்டர் கேம்.

"ஃபைனான்ஸ் சேனல்ல கேம் பத்தி எதுக்கு?"ன்னு கேட்கலாம். காரணம் இருக்கு. இப்போ 25 முதல் 35 வயசுக்குள்ள இருக்கிற பலர், பள்ளி கம்ப்யூட்டர் லேப்ல பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, பிரவுசிங் சென்டர்ல ஜிடிஏ வைஸ் சிட்டின்னு விளையாடி வளர்ந்தவங்க. அன்னைக்கு மணிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து உட்கார்ந்தோம். இன்னைக்கு சம்பளம் வருது, சொந்த லேப்டாப் இருக்கு, அந்த கேமை முறையா காசு கொடுத்தே வாங்கலாம்னு தோணும். நல்ல எண்ணம்தான். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ரெண்டு.

ஒண்ணு, நீங்க அன்னைக்கு விளையாடின அதே கேம்தான் இன்னைக்குக் கிடைக்குதா? ரெண்டாவது, காசு கொடுத்த பிறகு அது உங்க கையில அப்படியே இருக்குமா?

வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

வாங்கின பிறகு காணாமப் போன பாட்டு

ஜிடிஏ வரிசை கேம்கள்ல பாதி உயிர் காருக்குள்ள ஓடுற ரேடியோதான். அதுல வர்ற பாடல்கள் எல்லாம் நிஜமான கலைஞர்களோடது. ராக்ஸ்டார் நிறுவனம் அந்தப் பாடல்களை மொத்தமா விலைக்கு வாங்கல. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் எடுத்திருந்தது. காலம் முடிஞ்சதும் பிரச்சினை ஆரம்பிச்சது.

2014 நவம்பர்ல, ஸ்டீம் தளத்தில் இருந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸுக்கு ஒரு அப்டேட் வந்தது. அதோட பல பாடல்கள் ரேடியோவில் இருந்து நீங்கின. 2018 ஏப்ரல்ல ஜிடிஏ 4-க்கும் அதே கதி. அந்த கேம் வெளிவந்து 10 வருஷம் ஆகி, இசை உரிமங்கள் காலாவதி ஆகியிருந்தன. குறிப்பா விளாடிவோஸ்டாக் எஃப்எம் என்ற ரஷ்ய ரேடியோ நிலையத்தில் இருந்த பாடல்களில் பெரும்பகுதி போய், வேற பாடல்கள் வந்தன.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, புதுசா வாங்குறவங்களுக்கு மட்டும் இந்த மாற்றம் நடக்கல. பல வருஷம் முன்னாடியே முழு விலை கொடுத்து வாங்கினவங்க கம்ப்யூட்டர்லயும் அப்டேட் தானா இறங்கி, பாட்டு போயிடுச்சு. பத்திரம் பதிஞ்சு குடியேறின வீட்டுக்குள்ள, பழைய ஓனர் ஒரு நாள் வந்து ஜன்னலைக் கழட்டிட்டுப் போனா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

ஆனா 2005-ல டிஸ்க்கா வாங்கி அலமாரியில வச்சிருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. அந்த டிஸ்க்ல எல்லாப் பாட்டும் அப்படியே இருக்கு. அதே கேம், அதே நிறுவனம். ஆனா கையில வச்சிருந்தவருக்கு ஒரு முடிவு, கணக்குல வச்சிருந்தவருக்கு வேற முடிவு.

புதுசு வரும்போது பழசை ஏன் எடுக்கணும்?

2021 அக்டோபர்ல ராக்ஸ்டார் ஒரு அறிவிப்பு விட்டது. ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூணையும் புதுப்பிச்சு, "டெஃபினிட்டிவ் எடிஷன்"னு ஒரே தொகுப்பா கொண்டு வரப் போறாங்க. ரசிகர்களுக்கு சந்தோஷம். ஆனா கூடவே இன்னொரு விஷயமும் நடந்தது. பழைய அசல் பதிப்புகள் டிஜிட்டல் கடைகளில் இருந்து எடுக்கப்பட்டன.

நவம்பர் 11-ஆம் தேதி புதுத் தொகுப்பு வெளியானது. திரை முழுக்க வெள்ளைக் கோடு மாதிரி மறைக்கிற மழை, பொம்மை மாதிரி மாறிப்போன முகங்கள், எழுத்துப் பிழையோட கடைப் பலகைகள்னு புகார்கள் குவிஞ்சன. வெளியான உடனே கம்ப்யூட்டர் பதிப்பைச் சில நாட்களுக்கு விற்பனையில இருந்தே எடுக்க வேண்டி வந்தது. அடுத்த வாரமே ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பழைய கம்ப்யூட்டர் பதிப்புகளைத் தன் கடையில திரும்ப வைக்கிறதா சொன்னது. அந்தக் கடையில புதுத் தொகுப்பை வாங்கினவங்களுக்குப் பழசு இலவசம்னும் அறிவிச்சது.

ஆக, அசல் திரும்பி வந்தது. ஆனா புதுத் தொகுப்பு ஓரளவு நல்லா அமைஞ்சிருந்தா யாரும் சத்தம் போட்டிருக்க மாட்டாங்க, பழசும் திரும்பி வந்திருக்காதுன்னு நினைக்கத் தோணுது இல்லையா? ஒரு பழைய படைப்பு கடையில இருக்கிறதா, இல்லையான்னு முடிவு பண்றது அந்த வருஷத்து வியாபாரத் திட்டம். அவ்வளவுதான்.

இதைவிட மோசமான உதாரணம் வார்கிராஃப்ட் 3. 2002-ல வந்த கேம். 2020 ஜனவரியில பிளிசார்ட் நிறுவனம் அதோட புதுப்பதிப்பான "ரீஃபோர்ஜ்ட்" வெளியிட்டது. புதுசை வாங்காம, பழசே போதும்னு இருந்தவங்களும் ஆன்லைன்ல விளையாடணும்னா புது மென்பொருளை இறக்கியே ஆகணும். பழசுல இருந்த தரவரிசைப் பட்டியல் மாதிரி வசதிகள் வெளியீட்டு நேரத்துல புதுசுல இல்ல. கோபப்பட்டவங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. பழைய கேமைத் திருப்பிக் கொடுக்கல.

இத்தனைக்கும் இதே பிளிசார்ட் மூணு வருஷம் முன்னாடி இதை அழகா செஞ்சு காட்டியிருக்கு. 1998-ல வந்த ஸ்டார்கிராஃப்ட் கேமோட புதுப்பதிப்பு 2017-ல வந்தப்போ, பழசை எல்லாருக்கும் இலவசமாக் கொடுத்தாங்க. புதுசுக்குள்ள எஃப்5 பட்டனைத் தட்டினா பழைய படம், இன்னொரு தடவை தட்டினா புதுப் படம். மனசு இருந்தா வழி இருக்குங்கிறதுக்கு இதுவே சாட்சி.

அசல் அப்படியே இருக்கணும்னு ஏன் அடம் பிடிக்கணும்?

"கிராஃபிக்ஸ் நல்லாயிருந்தா நல்லதுதானே, பழசு எதுக்கு?" நியாயமான கேள்விதான். சான் ஆண்ட்ரியாஸையே எடுத்துக்குவோம்.

அந்த கேம்ல மூணு நகரம், நடுவுல காடு, மலை, பாலைவனம். பிளேஸ்டேஷன் 2-ஆல அவ்வளவு தூரத்தையும் ஒரே நேரத்துல வரைஞ்சு காட்ட முடியாது. அதனால தூரத்துல இருக்கிறதைப் புகைமூட்டத்தால மறைச்சாங்க. அந்தப் புகைதான் நமக்கு "அம்மாடி, எவ்வளவு பெரிய ஊரு"ன்னு ஒரு பிரமிப்பைக் கொடுத்தது. 2021 பதிப்பு முதல்ல வந்தப்போ புகையை விலக்கிட்டாங்க. சிலியாட் மலை உச்சியில நின்னா ஒரு நகரத்துல இருந்து அடுத்த நகரம் பளிச்சுனு தெரியுது. இவ்வளவு சின்ன இடத்துலயா இத்தனை நாள் சுத்தினோம்னு ஆயிடுது. இயந்திரத்தோட குறையை வச்சே கலைஞர்கள் ஒரு உலகத்தைக் கட்டியிருந்தாங்க. குறையை எடுத்ததும் உலகமும் சுருங்கிடுச்சு. 2024 நவம்பர்ல வந்த அப்டேட்லதான் பழைய ஒளியமைப்பு மாதிரியான ஒரு வசதி திரும்பி வந்தது. அந்த மூணு வருஷமும் அசலோட ஒப்பிட்டுத்தான் ரசிகர்கள் குறையைச் சுட்டிக்காட்டினாங்க. ஒப்பிட அசல் இல்லன்னா, எது குறைஞ்சதுன்னு சொல்லக்கூட ஆள் இருக்காது.

இன்னொரு கதை, நம்ம பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதி, 1989-ல வெளிவந்த கேம். உலகம் முழுக்க விளையாடின அந்த கேமோட மூல நிரல் தொலைஞ்சே போச்சுன்னுதான் அவர் நினைச்சிருந்தார். 2012-ல அவரோட அப்பா வீட்டு அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பெட்டி கிடைச்சது. உள்ளே 3.5 அங்குல ஃபிளாப்பிகள். அதே அப்பாதான் அந்த கேமுக்கு இசையும் அமைச்சவர்!

ஃபிளாப்பி கிடைச்சா போதாது, படிக்கணுமே. காந்தப் பூச்சு வருஷம் ஆக ஆக மங்கிடும். பழைய இயந்திரங்களைத் தெரிஞ்ச நிபுணர்களை வரவழைச்சு, ரொம்ப ஜாக்கிரதையா அந்த நிரலைப் படிச்செடுத்தாங்க. 2012 ஏப்ரல்ல மெக்னர் அதை இணையத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிட்டார். உலகப்புகழ் பெற்ற ஒரு படைப்போட மூலம், 20 வருஷத்துக்கும் மேல ஒரு வீட்டு அலமாரியைத்தான் நம்பி இருந்திருக்கு. அலமாரி வாய்க்காத கேம்கள் எத்தனையோ.

எண்ணிக்கையில் பார்த்தா

அமெரிக்காவில் இருக்கிற வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன்னாடி அமெரிக்காவில் வெளிவந்த பழைய கேம்கள்ல 87 சதவீதம் இன்னைக்குக் கடையில கிடைக்காது. அதாவது 100-க்கு 13 மட்டும்தான் முறைப்படி வாங்க முடியும். மிச்சத்தைப் பார்க்கணும்னா பழைய டிஸ்க்கைத் தேடிப் பிடிக்கணும், ஏதாவது ஆவணக்காப்பகத்துக்கு நேர்ல போகணும், இல்லன்னா திருட்டுப் பிரதி.

அந்தக் காப்பகங்களுக்கும் கை கட்டித்தான் இருக்கு. வாங்கக் கிடைக்காத கேம்களை ஆராய்ச்சியாளர்கள் வீட்டில் இருந்தே பார்க்க அனுமதி வேணும்னு அங்கே கேட்டாங்க. கேம் நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபர்ல அமெரிக்க காப்பிரைட் அலுவலகம் அந்தக் கோரிக்கையை நிராகரிச்சிடுச்சு.

இதுக்கு நடுவுலயும் வேலை நடக்குது. டாஸ்பாக்ஸ்னு ஒரு இலவச மென்பொருள் 2002-ல இருந்து இருக்கு. பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரியே அது நடிக்கும். வேகத்தைக்கூட குறைச்சு வைக்கலாம். ஏன்னா பழைய கேம்கள் சிலது புது கம்ப்யூட்டர்ல ஓட்டினா கண்மண் தெரியாம ஓடும். இது மாதிரி மென்பொருளால கேமைத் திருத்தவே வேண்டாம், கேமைச் சுத்தி இருக்கிற இயந்திரத்தை மட்டும் திரும்பக் கட்டினா போதும். இன்டர்நெட் ஆர்கைவ் தளம் 2015 ஜனவரியில 2,000-க்கும் மேற்பட்ட டாஸ் கேம்களை பிரவுசர்லயே விளையாடுற மாதிரி வச்சது இந்த வழியிலதான்.

இப்போ நம்ம பணத்துக்கு வருவோம்

டிஜிட்டல் கடையில "வாங்கு" பட்டனை அழுத்தும்போது பெரும்பாலும் நீங்க கேமை வாங்கல. அதைப் பயன்படுத்த ஒரு உரிமம் வாங்குறீங்க. நிபந்தனைகளை யாரும் படிக்கிறதில்ல, அதனால தெரியுறதில்ல.

யூபிசாஃப்ட் நிறுவனத்தின் "தி க்ரூ" கார் பந்தய கேம் 2014-ல வந்தது. 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினாங்க. தனியா விளையாடுறதுக்கும் சர்வர் தேவைங்கிறதால, டிஸ்க் வச்சிருந்தவங்களாலயும் அதுக்கப்புறம் விளையாட முடியல. இதுல இருந்து "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கம் கிளம்பி, ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைச் சேர்த்தது.

கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டுச்சு. 2025 ஜனவரி 1-ல இருந்து, உரிமம் மட்டும் கொடுக்கிற டிஜிட்டல் கடைகள் அதைத் தெளிவாச் சொல்லாம "வாங்கு"ன்னு போடக்கூடாது. அதுல ஒரு விதிவிலக்கு இருக்கு. இணையம் இல்லாமலே நிரந்தரமா வச்சுக்கிற மாதிரி டவுன்லோட் கொடுத்தா இந்த எச்சரிக்கை தேவையில்ல. சொந்தம்னா என்னன்னு சட்டமே கோடு போட்டுக் காட்டுற இடம் இது. கோப்பு உங்க கையில இருக்கணும், யார் தயவும் இல்லாம ஓடணும்.

சரி, நாம என்ன செய்யலாம்?

1. வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி. இணையம் இல்லாம ஓடுமா? இன்ஸ்டாலர் கோப்பைத் தனியா எடுத்து வைக்க முடியுமா? இது அசல் பதிப்பா, புதுப்பிச்சதா? மூணாவது கேள்விக்கு, பாட்டு, காட்சி ஏதாவது நீக்கியிருக்காங்களான்னு விமர்சனங்கள்ல ஒரு பார்வை பாருங்க.

2. பூட்டு இல்லாத கடையைப் பாருங்க. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2008-ல தொடங்கின ஜிஓஜி தளத்தில், டிஆர்எம் பூட்டு இல்லாம கேம்கள் கிடைக்கும். இன்ஸ்டாலரை இறக்கி நீங்களே வச்சுக்கலாம். பழைய கேம்களைப் புது கம்ப்யூட்டர்ல தொடர்ந்து ஓட வைக்கிறதுக்குன்னே 2024 நவம்பர்ல 100 கேம்களோட ஒரு பாதுகாப்புத் திட்டத்தையும் அங்கே ஆரம்பிச்சாங்க. அங்கேயும் சட்டப்படி நீங்க வாங்குறது உரிமம்தான். ஆனா இறக்கி வச்ச கோப்பை யாரும் உங்க டிஸ்க்ல இருந்து வந்து எடுக்க முடியாது. இறக்கி வைக்கலன்னா அந்த வசதியால பிரயோஜனமும் இல்ல.

3. பேக்கப் எடுங்க, அது உங்க உரிமை. இந்திய காப்பிரைட் சட்டம் 1957-ன் 52-வது பிரிவு, கம்ப்யூட்டர் நிரலை முறைப்படி வச்சிருக்கிறவர், தொலைஞ்சோ சேதமாகியோ போனா பாதுகாப்புக்காக பேக்கப் பிரதி எடுத்துக்க அனுமதிக்குது. அதை அடுத்தவங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறதுக்கு அனுமதி இல்ல. 3-2-1 கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க: 3 பிரதி, 2 வகையான சாதனம், 1 வேற இடத்துல. வீட்டுப் பத்திரத்துக்கும், கல்யாண ஃபோட்டோவுக்கும்கூட இதே கணக்குதான்.

4. சந்தாவைக் கணக்குப் போட்டுப் பாருங்க. மாசம் ரூ.500 சந்தான்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு ரூ.6,000. 5 வருஷத்துல ரூ.30,000. நிறுத்தின அன்னைக்குக் கையில ஒண்ணும் இருக்காது. மாசம் ரெண்டு, மூணு புது கேம் விளையாடுறவருக்கு இது லாபமா இருக்கலாம். நாலஞ்சு பழைய கேமை மட்டும் திரும்பத் திரும்ப விளையாடுறவர், அந்த நாலஞ்சையும் தள்ளுபடி நேரத்துல ஒரேயடியா வாங்கி வச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம். பழைய கேம்களோட விலை அடிக்கடி நல்லாவே குறையும், அவசரமே இல்ல.

5. "இன்வெஸ்ட்மென்ட்"னு சொல்லி பழைய கேம் வாங்காதீங்க. 2021 ஜூலையில பிரிக்காத சூப்பர் மரியோ 64 கேம் ஒண்ணு அமெரிக்க ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போச்சு. நம்ம பணத்துல 11 கோடிக்கும் மேல. தலைப்புச் செய்தி பார்த்ததும் பரணை ஏறித் தேடத் தோணும். ஆனா அந்த விலை கேமுக்கு இல்ல, பிரிக்காத பெட்டிக்கு. வட்டி கிடையாது, டிவிடெண்ட் கிடையாது, அவசரத்துக்கு விக்கணும்னா வாங்குற ஆளைத் தேடணும். பெட்டியைத் திறந்தா மதிப்பு போச்சு. யாருமே விளையாட முடியாத கேமைக் காப்பாத்தி என்ன பயன்? ஆசைக்கு வாங்குறதா இருந்தா பொழுதுபோக்கு பட்ஜெட்ல வாங்குங்க, எஸ்ஐபி பணத்துல கை வைக்காதீங்க.

6. "இது பழசு, அதனால ஃப்ரீ"ன்னு நம்பாதீங்க. கடையில கிடைக்கலங்கிறதால காப்பிரைட் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்ல. இன்னொரு பக்கம், பேர் தெரியாத தளத்துல இருந்து இறக்குற இன்ஸ்டாலர்ல என்ன ஒளிஞ்சிருக்குன்னு யாருக்கும் தெரியாது. நெட் பேங்கிங் பண்ற அதே லேப்டாப்ல அதை ஓட்டுறது நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அக்கவுன்ட்டையே திறந்து வைக்கிற வேலை.

கடைசியா ஒண்ணு

பழைய சினிமாப் படச்சுருள் அழிஞ்சு போச்சுன்னா எல்லாரும் வருத்தப்படுறோம். கேம் அழிஞ்சா "விளையாட்டுதானே"ன்னு விட்டுடறோம். ஆனா ஒரு தலைமுறையோட நினைவு அதுல இருக்கு. அதைக் காப்பாத்தற பெரிய வேலையை காப்பகங்களும் சட்டமும்தான் செய்யணும். நம்மால முடிஞ்சது சின்ன வேலை: அசலைக் கொடுக்கிற கடைக்கு நம்ம காசு போகணும், வாங்கினதை நாமளே பத்திரமா வச்சுக்கணும்.

இந்த வாரக் கடைசியில ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. உங்க கேம் லைப்ரரியைத் திறந்து, இதுல எதெல்லாம் நாளைக்கு அந்தக் கம்பெனி மூடினாலும் ஓடும்னு ஒரு பட்டியல் போடுங்க. இறக்கி வைக்க முடிஞ்சதை உடனே இறக்கி வையுங்க. அப்படியே இ-புக், பாட்டு, சினிமான்னு டிஜிட்டல்ல வாங்கின மத்ததையும் ஒரு பார்வை பாருங்க. எது சொந்தம், எது வாடகைன்னு தெரிஞ்சு செலவு பண்ணா, அடுத்த தடவை "வாங்கு" பட்டன் கிட்ட விரல் போகும்போது ஒரு நொடி நின்னு யோசிப்பீங்க.